தனித்தீவு விடுதிகளின் கணக்கில் வராத செலவு

லட்சத்தீவை இன்னொரு மாலத்தீவாக்கலாம் என்ற பேச்சு, 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே சென்று வந்த பிறகு நாடெங்கும் பரவியது. பேச்சு அப்போது பரவினாலும் ஏற்பாடுகள் முன்பே தொடங்கிவிட்டன. மினிக்காய், கட்மத், சுஹேலி ஆகிய இடங்களில் கடல்மேல் குடில்களுடன் சொகுசு விடுதிகள் கட்டத் தீவு நிர்வாகம் 2021இல் தனியாரை அழைத்தது. சுஹேலியிலும் கட்மத்திலும் தாஜ் பெயரில் தலா 110 அறைகள் கொண்ட இரண்டு விடுதிகள் வரப்போவதாக 2023 ஜனவரியில் இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனம் அறிவித்தது. இத்தகைய திட்டங்கள் எல்லாமே சுற்றுச்சூழலுக்கு இசைந்தவை என்ற உறுதிமொழியோடுதான் வருகின்றன. அந்த உறுதிமொழியை நான் பொய் என்று சொல்லவில்லை. அதை எதைக் கொண்டு அளப்பது என்பதுதான் என் கேள்வி. மூங்கில் உறிஞ்சுகுழல், துணிப்பை, கூரைமேல் சூரியத் தகடு, தோட்டத்தில் விளைந்த கீரை ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. ஆளற்ற ஒரு தீவில் விருந்தினருக்குக் கிடைக்கும் தனிமை எதைச் செலவிட்டு உருவாகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. தனித்தீவு விடுதியில் மிக அதிகமான எரிபொருளையும் நீரையும் கடற்பரப்பையும் விழுங்குவது அந்தத் தனிமைதான். அதைக் கணக்கில் சேர்க்காத எந்தப் பசுமைச் சான்றும் பாதிக் கணக்குதான்.

மாலத்தீவின் ஐம்பது ஆண்டு அனுபவம் இதற்குப் போதிய சான்று தருகிறது. 1972இல் மாலேவுக்கு அருகே குரும்பா விடுதி திறக்கப்பட்டதோடு அங்கே சுற்றுலாத் தொழில் தொடங்கியது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது அந்நாட்டின் அடிப்படைக் கொள்கையானது. மக்கள் வாழாத தீவைக் குத்தகைக்கு எடுப்பவர் அந்தத் தீவு முழுவதையும் விடுதியாக்கிக்கொள்ளலாம். இன்று அப்படி 170க்கும் மேற்பட்ட விடுதிகள் இருக்கின்றன. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 5 லட்சத்து 15 ஆயிரம் பேர் வாழும் நாட்டுக்கு 2024இல் 20 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்தார்கள். ஊரில் நடத்தும் விடுதிக்கு மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாக்கடை, சாலை எல்லாம் ஏற்கெனவே இருக்கும். ஆயிரக்கணக்கானோரோடு அது அவற்றைப் பகிர்ந்துகொள்கிறது. தனித்தீவில் பகிர்ந்துகொள்ள யாருமில்லை. ஒவ்வொரு விடுதியும் தனக்கென்று ஒரு மின்நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, கழிவுநீர் நிலையம், குப்பை எரிக்கும் உலை, படகுத்துறை, ஊழியர் குடியிருப்பு என்று ஒரு சிறு நகராட்சியையே கட்டிக்கொள்ள வேண்டும். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் ஜெனரேட்டர் ஓடும். இருநூறு முந்நூறு பேருக்காக ஓர் ஊரின் உள்கட்டமைப்பு முழுவதும் இயங்குவதால், தலைக்கு ஆகும் செலவு எந்த நிர்வாகியின் திறமையாலும் ஓரளவுக்குக் கீழே இறங்காது. இது தனிப்பட்ட விடுதியின் குறையே அல்ல. அமைப்பே அப்படிப்பட்டது.

அடுத்தது போக்குவரத்து. தொலைவில் உள்ள தீவுகளுக்கு விருந்தினர்கள் பெரும்பாலும் கடல்விமானத்தில்தான் போகிறார்கள். பதினைந்து பேர் அளவுக்கு ஏற்றிச் செல்லும் ட்வின் ஆட்டர் விமானம் மணிக்கு 300 லிட்டருக்கும் மேல் எரிபொருள் குடிக்கிறது. இதற்கு முன்பே ஐரோப்பாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ பல மணி நேரம் பறந்து வந்திருப்பார்கள். ஆளைப்போலவே பொருளும் வந்து சேர வேண்டும். சூரை மீனும் தேங்காயும் தவிர மற்ற பெரும்பாலானவை இறக்குமதிதான். தூத்துக்குடித் தோணிக்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலேவுக்குப் போய்வருவது அவர்களின் தலைமுறைத் தொழில். 2024-25ஆம் ஆண்டுக்கு மாலத்தீவுக்கு அனுப்ப அனுமதித்த ஆற்று மணல், ஜல்லியின் அளவை இந்திய அரசு 25 சதவீதம் கூட்டித் தலா 10 லட்சம் டன்னாக்கியது. அந்த மணல் அத்தனையும் விடுதிகளுக்குப் போவதில்லை. வீடுகளும் பள்ளிகளும் துறைமுகங்களும் அதில்தான் எழுகின்றன. ஆனால் கட்டுமானத்தை அங்கே உந்தித் தள்ளும் தொழில்களில் சுற்றுலாவே முதன்மையானது. ஒரு தீவில் வேர்பிடித்த மரத்தை வெட்டாமல் குடில் கட்டினோம் என்று பெருமைப்படுபவர்கள், அந்தக் குடிலின் அடித்தளத்துக்கு எந்த ஆற்றின் படுகை சுரண்டப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆற்று மணலுக்காக எத்தனை போராட்டங்களும் வழக்குகளும் நடந்திருக்கின்றன என்று தெரிந்த தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. திரும்பும் வழியில் குப்பை. மாலேவுக்கு மேற்கே திலாஃபுஷி என்ற இடத்தில் 1992 முதல் கடலை நிரப்பிக் குப்பைத் தீவொன்று உருவாக்கப்பட்டது. நகரத்தின் குப்பையோடு விடுதிகளின் குப்பையும் அங்கே கொட்டப்பட்டு, பல ஆண்டுகள் திறந்த வெளியில் புகைந்தது.

விருந்தினர் காண வரும் இயற்கைகூட அப்படியே விடப்படுவதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்தலாக இருக்கிறது. விளம்பரப் படத்தில் வரும் வெளிர்நீலக் கடலுக்கு அடியில் வெண்மணல் மட்டுமே இருக்க வேண்டும். உண்மையான தீவைச் சுற்றிக் கரும்பச்சைத் திட்டுகளாகக் கடற்புல் வளர்ந்திருக்கும். கடலாமைகள் மேய்வது அங்கே. மீன் குஞ்சுகள் வளர்வது அங்கே. மணலைப் பிடித்து வைப்பதும், கரியை மண்ணுக்குள் சேமிப்பதும் அதே புல்தான். படத்துக்கு அழகில்லை என்பதால் பல விடுதிகள் அதைப் பிடுங்கி எறிந்துவந்தன. இதற்கு எதிராக 2019இல் மாலத்தீவிலேயே ஓர் இயக்கம் தொடங்கியது. லாமு பவளத்தீவில் உள்ள சிக்ஸ் சென்சஸ் விடுதி அதில் முன்னின்றது. பல விடுதிகள் கடற்புல்லைக் காப்பதாக உறுதியளித்தன. பாராட்ட வேண்டிய மாற்றம். ஆனாலும் தீவு போதாமல் தீவையே உருவாக்கும் வேலை நிற்கவில்லை. தென்கோடியில் உள்ள அட்டு, 2020இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குள், அங்கே 50 லட்சம் கன மீட்டர் மணலைக் கடலடியிலிருந்து வாரி, விடுதிகளுக்கான புதிய தீவுகளும் சேர்த்துச் சுமார் 194 ஹெக்டேர் நிலத்தை உருவாக்கும் திட்டம் வந்தது. அதற்கான சுற்றுச்சூழல் அறிக்கையே 21 ஹெக்டேர் பவளப்பாறையும் 120 ஹெக்டேர் கடற்புல்வெளியும் புதையும் என்று கணித்தது. திட்டத்துக்குக் கடன் கொடுத்தது இந்தியாவின் எக்சிம் வங்கி. ஆக, இந்தக் கணக்கில் நமக்குப் பங்கில்லை என்று நாம் ஒதுங்கி நிற்க முடியாது.

இதே துறையில் நேர்மையாக முயன்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதினால் வாதம் எளிதாகிவிடும், ஆனால் நியாயமாக இருக்காது. பா பவளத்தீவில் 1995இல் திறந்த சோனேவா ஃபுஷி விடுதி அப்படி முயன்றவற்றில் முக்கியமானது. வெளிநாட்டு பாட்டில் தண்ணீரை அது 2008இலேயே நிறுத்தியது. கடல்நீரைத் தானே சுத்திகரித்துக் கண்ணாடிப் புட்டிகளில் கொடுத்தது. கழிவைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தப் பெரிய கூடம் அமைத்தது. விருந்தினர் கட்டணத்தில் 2 சதவீதத்தைச் சுற்றுச்சூழல் வரியாகக் கட்டாயம் வசூலித்து, அவர்கள் பறந்துவரும் விமானத்தின் கரிப்புகையையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. பெரும்பாலான விடுதிகள் இந்தக் கடைசிப் படியைத் தொடுவதே இல்லை. அந்த நிதி உதவிய திட்டங்களில் தமிழ்நாட்டில் நிறுவப்பட்ட ஒரு காற்றாலையும் உண்டு. இவ்வளவு செய்த விடுதியிலும் அடிப்படை மாறவில்லை. நம் மாநிலத்தில் சுழலும் காற்றாலை இங்கே கொஞ்சம் நிலக்கரியை மிச்சப்படுத்தலாம். அங்கே எரிந்த டீசலையும் விமான எரிபொருளையும் அது எரியாததாக ஆக்காது. ஈடுசெய்வது வேறு, குறைப்பது வேறு. மிகச் சிறந்த விடுதியே ஈடுசெய்வதில் போய் நிற்கிறதென்றால், குறைக்க முடியாத அந்தப் பகுதி எவ்வளவு பெரியது என்பதைத்தான் அது காட்டுகிறது.

விடுதிகள் தங்கள் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைக் காக்கின்றன என்பது வலுவான மறுப்பு. மீன்பிடிக்கத் தடை இருப்பதால் அங்கே மீன்வளம் பெருகுகிறது, கடல் உயிரியலாளர்கள் சம்பளத்தோடு பணிபுரிகிறார்கள், ஆமைகளுக்கு மருத்துவம் நடக்கிறது. இதில் உண்மை இருக்கிறது. யாரும் கண்காணிக்காத பாறையைவிடக் கண்காணிக்கப்படும் பாறை நல்ல நிலையில் இருப்பது இயல்பு. ஆனால் பவளத்துக்கு வரும் பெரிய ஆபத்து தூண்டிலிலிருந்து வரவில்லை. 1998இலும் 2016இலும் கடல் சூடேறியபோது மாலத்தீவின் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. விடுதிக் காவலாளி நின்ற பாறையும் வெளுத்தது, நிற்காத பாறையும் வெளுத்தது. அந்தச் சூட்டுக்குக் காரணமான கரிப்புகையில் தலைக்கு மிக அதிகமாகச் சேர்ப்பவர்களில் தொலைதூர விமானப் பயணிகளும் அடக்கம். ஒரு கையால் நட்டதை மறு கை சுடுகிறது. அதோடு, தடை யாருக்கு என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மாலத்தீவு மீனவர்கள் வலைவீசிச் சூரை பிடிப்பதில்லை. தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். உலகிலேயே கடலுக்குக் குறைந்த சேதம் செய்யும் மீன்பிடி முறைகளில் அது ஒன்று. அதற்கு வேண்டிய சிறு இரைமீன்களைப் பாறைகளை ஒட்டித்தான் அள்ள முடியும். அந்தப் பாறைகளின் பக்கம் போகாதே என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் விருந்தினரை நீந்தவிடுவதை முழுமையான பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சிலரே வந்து அதிகம் செலவழிப்பது, பலர் வந்து கொஞ்சம் செலவழிப்பதைவிடத் தீவுக்கு நல்லது என்பது இன்னொரு வாதம். கேட்டவுடன் சரி என்று தோன்றும். கூட்டம் குவிந்த கடற்கரைகள் என்ன ஆகின்றன என்று நாம் பார்த்திருக்கிறோம். 2009க்குப் பிறகு மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகளில் சிறு விருந்தினர் இல்லங்களுக்கு வழி திறந்தபோது, மாஃபுஷி போன்ற தீவுகள் திணறும் அளவுக்கு நெரிசலானதும் உண்மைதான். ஆனால் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும் தனிமைப்படுத்துவதும் ஒன்றல்ல. ஊருக்குள் இருக்கும் இல்லத்தில் தங்குபவர் ஊரின் மின்சாரத்தையும் படகையும் பகிர்ந்துகொள்கிறார். அவர் தரும் பணம் பக்கத்துத் தேநீர்க் கடைக்கும் போகிறது. எண்ணிக்கைக்கு அங்கேயும் உச்சவரம்பு வைக்கலாம். தனிக்குளமும் குளிரூட்டிய குடிலும் கேட்கும் விருந்தினர் எண்ணிக்கையில் குறைவு, நுகர்வில் குறைவல்ல. மாலத்தீவு அரசின் பசுமை வரியே இந்த வேறுபாட்டைப் பாதிதான் பார்க்கிறது. 2025 ஜனவரி முதல் பெரிய விடுதிகளில் தங்குபவருக்கு நாளொன்றுக்கு 12 டாலர். சிறு விருந்தினர் இல்லங்களுக்கு அதில் பாதி. எளிய குடிலில் தங்கியவரும் கடல்மேல் மாளிகையில் தங்கியவரும் ஒரே விடுதியில் இருந்தால் ஒரே வரி. எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை லிட்டர் நீர், எந்த ஊர்தி என்று அளந்து வசூலித்தால் மட்டுமே வரி நடத்தையை மாற்றும்.

கடற்கரை விடுதியே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. சான்சிபாருக்குத் தென்மேற்கே சும்பே என்றொரு சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. அதன் பவளப்பாறையை 1994இல் சான்சிபார் அரசு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. தனியார் நிர்வாகத்தில் இயங்கும் அந்தத் தீவில் விருந்தினருக்கு இருப்பவை ஏழே குடில்கள். கூரையில் விழும் மழைநீரைத் தரைக்கடியில் தொட்டியில் சேமித்து அதையே குளிக்கக் கொடுக்கிறார்கள். கழிப்பறை தண்ணீர் ஊற்றாமல் உரமாக்கும் வகை. மின்சாரம் சூரியனிலிருந்து. முன்பு அந்தக் கடலில் மீன் பிடித்தவர்களுக்கே பயிற்சி கொடுத்துக் காவலர்களாக்கினார்கள். விடுதி வருமானத்தில் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து பவளப்பாறையைக் காட்டுகிறார்கள். சொந்தக் கடலின் அடியை முதன்முறையாகப் பார்க்கும் பிள்ளைகள் அவர்களில் நிறைய. 400க்கும் மேற்பட்ட மீன் வகைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. இங்கும் விருந்தினர் விமானத்தில்தான் வருகிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தீவுக்குள் வந்தபின், தீவு தரக்கூடிய அளவுக்குள் வாழ அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். மழை குறைந்தால் நீரும் குறையும். நீச்சல் குளம் கிடையாது. இதையெல்லாம் குறையாகக் கருதாத பயணிகள் உலகில் இருக்கிறார்கள் என்பதற்கு, கால் நூற்றாண்டுக்கு மேலாக அந்த விடுதி நடப்பதே சான்று. நம் லட்சத்தீவின் பங்காரம் தீவிலும் 1980களின் இறுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் ஓலைக் குடில்களோடு ஒரு விடுதி நடந்தது. அங்கே குளிரூட்டி இல்லை, தொலைக்காட்சி இல்லை. அதற்காகவே அங்கே வந்தவர்கள் உண்டு. லட்சத்தீவுக்கு முன்மாதிரி தேடி மாலத்தீவுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

லட்சத்தீவின் எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது ஏன் அவசரமானது என்று புரியும். மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 36 தீவுகளில் மக்கள் வாழ்பவை பத்து. 2011 கணக்குப்படி மக்கள்தொகை சுமார் 64,500. மின்சாரத்தின் பெரும்பகுதி, பெருநிலத்திலிருந்து கப்பலில் வரும் டீசலிலிருந்து. குடிநீருக்காகச் சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005இல் கவரத்தியில் ஒரு நிலையத்தை நிறுவியது. நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்ந்த கடல்நீரை ஏற்றி, மேற்பரப்பு நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, அந்தக் குளிரால் மீண்டும் நீராக்கும் முறை அது. இதே முறையில் கட்மத்தில் அமைந்த நிலையத்தைத்தான் 2024 ஜனவரியில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அது நாளொன்றுக்குத் தருவது ஒன்றரை லட்சம் லிட்டர். கட்மத்தில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 5,400 பேர். ஆளுக்கு 28 லிட்டர். அதே தீவில்தான் 110 அறைகள் வரப்போகின்றன. அறைக்கு இருவர், ஆளுக்கு நாளொன்றுக்கு 300 லிட்டர் என்று மிதமாக வைத்தாலும் 66 ஆயிரம் லிட்டர் வேண்டும். அதாவது ஊர் முழுவதற்கும் கிடைப்பதில் நாற்பது சதவீதத்துக்கு மேல். விடுதி தன் நீரைத் தானே தயாரித்துக்கொள்ளும் என்று பதில் வரும். தயாரிக்கட்டும், அதற்கு வேண்டிய மின்சாரம் எங்கிருந்து வரும், மிஞ்சும் உப்புநீர் எங்கே கலக்கும் என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. ஐந்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், ஆளின் மார்பளவு ஆழமுள்ள ஒரு தனிக்குளத்தை நன்னீரால் நிரப்பினால் சுமார் 18 ஆயிரம் லிட்டர் ஆகும். கட்மத்தில் அறுநூறு பேருக்கு மேல் ஒருநாள் கிடைக்கும் நீர் அது.

வேலைவாய்ப்பு வேண்டாமா என்று தீவு இளைஞர்களே கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். படித்துவிட்டுக் கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஊரிலேயே சம்பளம் கிடைப்பது சிறிய விஷயமல்ல. ஆனால் வேலை விடுதியின் பரப்பளவிலிருந்து பிறப்பதில்லை, குத்தகைப் பத்திரத்தில் எழுதப்படும் நிபந்தனையிலிருந்து பிறக்கிறது. யாரை எந்தப் பொறுப்பில் எத்தனை பேர் அமர்த்த வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். மின்சாரத்தில் எவ்வளவு பங்கு டீசல் இல்லாமல் வர வேண்டும், எந்த ஆண்டுக்குள் என்பதும், நீர்ப் பயன்பாட்டுக்கு ஆளுக்கு எவ்வளவு வரம்பு என்பதும் இருக்க வேண்டும். கட்டுமான மணலும் ஜல்லியும் எங்கிருந்து வந்தன, விருந்தினர் எந்த ஊர்தியில் வந்தார்கள், எவ்வளவு குப்பை எங்கே போனது என்ற விவரங்களை ஆண்டுதோறும் ஊர்மக்கள் படிக்கும் மொழியில் வெளியிட வேண்டும். கடல்மேல் குடில்களைப் பொறுத்தவரை என் கருத்து தெளிவானது: தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற காயலில் தூண் இறக்குவதை லட்சத்தீவு அனுமதிக்கக் கூடாது. அந்தக் காயல்தான் அலையைத் தடுத்துக் கரையைக் காப்பது, ஆமைக்கு மேய்ச்சல் நிலமாவது, மீனவருக்கு இரைமீன் தருவது. கரையில் பின்தள்ளிக் கட்டும் எளிய குடில் அந்த மூன்றையும் தொடாது.

சுஹேலியை ஆளற்ற தீவு என்று அழைப்பதும் சரியல்ல. நிலையாக யாரும் குடியிருக்கவில்லையே தவிர, கவரத்தி மீனவர்கள் பருவந்தோறும் அங்கே போய்த் தங்கிச் சூரை பிடித்து, வேகவைத்துப் புகையூட்டி மாசியாக்குகிறார்கள். பச்சைக் கடலாமைகள் முட்டையிடும் கரை அது. விடுதிக்கு வேண்டிய தனிமை என்பது அங்கே இந்த மீனவர்களை வெளியே நிறுத்தினால் மட்டுமே முழுமையாகக் கிடைக்கும். அவர்கள் வழக்கம்போல் தங்கவும் பிடிக்கவும் உலர்த்தவும் உள்ள உரிமையைத் தீவு நிர்வாகம் விடுதிக்குத் தரும் குத்தகையிலேயே பெயர் சொல்லி எழுத வேண்டும். விருந்தினருக்கு மீன்புகையின் வாடை பிடிக்கவில்லை என்பது அதை ரத்து செய்யும் காரணமாகக் கூடாது. அந்த நிபந்தனையை ஏற்கும் நிறுவனத்தோடு மட்டும் அரசு பேசட்டும்.